இடது தோள்

பாலக்காட்டில் நடந்த பள்ளி மல்யுத்த இறுதிப் போட்டி. எங்கள் பீர்மேட்டுப் பள்ளித் தோழி முத்துலட்சுமியின் இரு தோள்களும் மெத்தையில் பட்டுவிட்டன என்று நடுவர் அவளைத் தோற்றவளாக அறிவித்தார். வென்றிருந்தால் மாநில அணியில் அவளுக்கு இடம் உறுதி.

பேச்சுப் போட்டிகளில் பரிசு குவித்த செருக்கோடு நான் நடுவர் மேசைக்குச் சென்றேன். "இடது தோள் படவில்லை, என் கண்ணால் கண்டேன்" என்று தெளிந்த மலையாளத்தில் வாதிட்டேன். அதிகாரிகள் தயங்கினர், மறுபோட்டி வைக்கவும் இசைந்தனர். அதற்குள் முத்துலட்சுமியே முன்வந்தாள்.

"பட்டுச்சு சார்."

திரும்பும் பேருந்தில் வெடித்தேன். "ஏட்டி, கிறுக்கச்சி! செயிச்ச கேஸ நீயே கெடுத்துட்டியே!"

"நல்லாத்தாம்ட்டி பேசுன. ஆனா மல்லாக்கக் கெடந்தப்ப நான் உன்னத்தான் பாத்தேன். நீ குனிஞ்சு என்னமோ எழுதிக்கிட்டுல்லா இருந்த?"

உண்மைதான். அவளுடைய பாராட்டு விழாவில் நான் ஆற்றவிருந்த உரையை அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் வீழ்ந்ததை நான் பார்க்கவே இல்லை.

இன்றும் மேடையேறுகிறேன், பரிசும் பெறுகிறேன். "கண்ணால் கண்டேன்" என்று சொல்ல வரும்போது மட்டும் ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.