அறுபதாம் நம்பர் கொக்கி

அமெரிக்காவில் எங்கள் மில்வாக்கி ஊரில் அப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெண்களுக்கு இரண்டு இடுப்பு. காலையில் மாதா கோவிலுக்குப் போக ஒன்று, மதியம் இரண்டு மணிக்கு மேல் நடன மண்டபத்துக்கு ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றவள் லியோகாடியா. பெண்கள் எல்லோருக்கும் அவள் லோஜா அக்கா.

அவள் இருந்தது பெண்கள் உடை மாற்றும் அறையில். நான் ஹெடி, பக்கத்து மேசையில் கோட்டும் தொப்பியும் வாங்கி வைப்பவள். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை, அவ்வளவுதான்.

பெண்கள் தலைமுடியைக் காதோடு வெட்டிக்கொண்டு, முழங்காலுக்கு ஏறிய கவுனோடு வருவார்கள். அதற்கெல்லாம் வீட்டில் அழுது அடம்பிடித்துச் சம்மதம் வாங்கியாகிவிட்டது. ஆனால் உள்ளே இருக்கும் இடுப்புக் கச்சை மட்டும் எந்த அம்மாவும் விட்டுக்கொடுக்கவில்லை. எஃகுப் பட்டை வைத்துத் தைத்த கச்சு. அதைக் கட்டிய பெண்ணை அணைத்து ஆடுவது அடுப்பை அணைத்து ஆடுவது மாதிரி இருக்கிறது என்று பையன்கள் முகம் சுளிப்பார்கள். அதனால் பெண்கள் வந்ததும் வராததுமாக லோஜாவிடம் ஓடுவார்கள். அவள் முதுகு முடிச்சை அவிழ்த்து, கச்சைக் கழற்றிக் கொக்கியில் மாட்டி, அதே நம்பர் போட்ட பித்தளை டோக்கனைக் கையில் கொடுப்பாள். மொத்தம் அறுபது கொக்கி. அறுபதாவது எப்போதும் காலிதான்.

இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஒவ்வொரு அம்மாவும் மகள் முதுகில் தனக்கென்று ஒரு முடிச்சுப் போட்டு அனுப்புவாள். சாயங்காலம் மகள் வீடு திரும்பியதும் திருப்பி நிறுத்தி அதைத்தான் முதலில் பார்ப்பாள். ஒருத்தி மூன்று சுற்றுச் சுற்றி இடது பக்கம் சொருகுவாள், இன்னொருத்தி நாடா நுனியை மடித்துக் குத்துவாள். ஐம்பது அம்மாக்களின் ஐம்பது முடிச்சும் லோஜாவின் விரலில் இருந்தது. ஐந்தரை மணிக்கு வரிசையாக நிற்கவைத்து, அந்தந்த அம்மா போட்டபடியே கட்டி அனுப்புவாள். நான்கு வருஷத்தில் ஒருத்திகூட மாட்டிக்கொண்டதில்லை.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. கசாப்புக் கடை வைத்திருந்த அண்ணன் வீட்டில் இருந்தாள். பின்னலை அவிழ்த்தால் தொடை வரை வரும். அவள் கச்சைக் காலையில் கட்டிவிடுவது அண்ணி. அந்த மகராசி எப்படி இழுத்துக் கட்டுவாளோ, லோஜாவுக்குக் குனிந்து ஒரு ஊசியை எடுக்க முடியாது.

ஆனால் அவள் கால்களைப் பற்றிக் கேளுங்கள்! வாத்தியம் தொடங்கினால் திரைக்குக் கீழே அவள் காலணி இரண்டும் சும்மா இருக்காது. சார்ல்ஸ்டன் ஆட்டத்தின் ஒவ்வொரு அடியும் அத்துப்படி. மேலே மரக்கட்டை, கீழே மட்டும் ஆட்டம். எனக்குப் பார்க்கச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

"வெளில போயி ஆடித் தொலையேன்" என்பேன்.

"கச்சோட எப்படிடி ஆடுறது?"

"கழட்டு. ஊர்ல உள்ளவளுக்கெல்லாம் கழட்டுறல்ல?"

"அவளுகளுக்குத் திரும்பக் கட்டிவிட நான் இருக்கேன். எனக்கு யாரு இருக்கா?"

இதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். 

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம், நவம்பர் மாதத்தில் ஒரு ஞாயிறு. நாலரை மணி. திரையை விலக்கிக்கொண்டு வந்தவள் என் கையைப் பிடித்தாள். 

"ஹெடி, ஒரே ஒரு பாட்டு. எங்க அண்ணி முடிச்சு ரெண்டு சுத்து, ஒரு சொருகல். நான் சொல்லச் சொல்ல நீ கட்டிவிட்டுடுவியா?"

"கட்டுறேன் தாயே, போ!"

அவள் கச்சை நான்தான் கழற்றினேன். கழற்றியதும் அவள் மூச்சை உள்ளே இழுத்தாள் பாருங்கள், அப்படி ஒரு மூச்சை நான் கேட்டதே இல்லை. தன் கையாலேயே அதை அறுபதாம் கொக்கியில் மாட்டினாள். அறுபதாம் டோக்கனை எடுத்துத் தன் உள்ளங்கையில் தானே வைத்துக்கொண்டாள். பிறகு போய்விட்டாள்.

முதலில் தூண் ஓரமாக நின்று ஆடினாள். பெண்கள் பார்த்துவிட்டார்கள். "ஏய், நம்ம லோஜா அக்காடி!" என்று ஒருத்தி கத்த, எல்லோரும் சுற்றி நின்று கைதட்ட, அவளை நடுவில் இழுத்துவிட்டார்கள். பின்னல் அவிழ்ந்து பறந்தது. அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு பாட்டு என்று போனவள் மூன்றாவதுக்கும் திரும்பவில்லை. கூப்பிட எனக்கு மனசு வரவில்லை.

அப்போதுதான் வெர்னா ஓடிவந்தாள். தட்டச்சு வேலை பார்க்கும் பெண், பத்தொன்பது வயது. "லோஜா அக்கா எங்க? சித்தி வர்றாங்க, நான் அஞ்சு மணிக்கு வீட்ல இருக்கணும்! சீக்கிரம்!"

லோஜாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட்டால் அந்த ஆட்டம் நின்றுவிடும். "திரும்பு, நான் கட்டுறேன்" என்றேன். கட்டினேன். எனக்குத் தெரிந்தது ஒரே முடிச்சுதான். கோட்டுகளை மூட்டையாகக் கட்டும்போது போடும் முடிச்சு.

வெர்னாவின் வீடு இரண்டு தெரு தள்ளி. ஐந்தேகால்கூட ஆகவில்லை, அவள் அம்மா மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தாள். பின்னால் மண்டப முதலாளி. வாத்தியம் நின்றது.

"என் பொண்ணு கச்சை இங்க எவ அவுத்தா?"

லோஜா தரையின் நடுவில் நின்றாள். முகமெல்லாம் வியர்வை. "நான்தாம்மா" என்றாள்.

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். கண் இடுப்பில் வந்து நின்றது. "அட கடவுளே! நீயும் அவுத்துப் போட்டுட்டுத்தான் நிக்கிறியா? தலை நரைக்கிற வயசுல உனக்கு ஆட்டம் கேக்குதோ? இரு, உங்க அண்ணன்கிட்டயே சொல்றேன்."

அவிழ்த்தது லோஜாதான், சரி. தப்பாகக் கட்டியது நான் அல்லவா? நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். இன்று நினைத்தாலும் என்னை நானே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றுகிறது. முதலாளி இருக்கிறானே, நான்கு வருஷமாக எல்லாம் தெரிந்தவன், அன்றுதான் பிறந்தவன் மாதிரி விழித்தான். "இங்க இப்படியெல்லாம் நடக்குதா? உன் கோட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பு" என்றான்.

கோட்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "கச்சு?" என்று கேட்டேன். அவள் அந்தக் கொக்கிப் பக்கம் திரும்பாமலே கோட்டைப் போர்த்திக்கொண்டு வெளியே பனியில் நடந்தாள். ஒரு கை மட்டும் மூடியே இருந்தது.

அதன் பிறகு அண்ணன் அவளை அந்தத் தெருப் பக்கமே விடவில்லை. மண்டபத்தில் மெல்லக் காலம் மாறியது. அடுத்த இரண்டு வருஷத்தில் பெண்கள் வீட்டிலிருந்தே கச்சு இல்லாமல் வரத் தொடங்கினார்கள். வெர்னாவும்தான், அதுவும் அவள் அம்மா கண்ணெதிரே! கொக்கிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அறுபதாவதில் மட்டும் ஒன்று தொங்கியது. "அதை எடுத்துக் குப்பையில போடு" என்று முதலாளி பலமுறை சொன்னான். "டோக்கன் வராம நான் எதையும் எடுக்கமாட்டேன், அது நீங்க போட்ட சட்டம்" என்றேன். அன்று திறக்காத வாய் அதற்காவது திறந்ததே.

போன வசந்தத்தில் டிராமில் ஏறினேன். ஜன்னலோரம் லோஜா. அதே பின்னல், பாதி நரைத்திருந்தது. நிமிர்ந்து விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, அண்ணி வேறு கச்சு வாங்கி இன்னும் இறுக்கித்தான் கட்டுகிறாள். மடியிலிருந்து கையுறை கீழே விழுந்தது, அவளால் குனிய முடியவில்லை. எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"லோஜா, வெர்னாவுக்கு அன்னிக்கு அந்த முடிச்சைப் போட்டது நான்."

"தெரியும்டி. மூட்டை முடிச்சு. கவுனுக்கு மேலயே புடைச்சு நின்னுச்சு, தூரத்துல இருந்தே பாத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ ஏன் என்னைக் கூப்பிடல? என் ஆட்டம் நிக்கக்கூடாதுன்னுதானே? நானும் அதுக்குத்தான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு நான் சொன்னேன்: "உன் கச்சு அப்படியே தொங்குது. நான் தொடவிடல. இப்ப யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, வந்து வாங்கிக்கோயேன்."

அவள் கைப்பையைத் திறந்தாள். சீப்பு, ஜெபமாலை, அவற்றுக்கு அடியில் பித்தளை டோக்கன். தேய்த்துத் தேய்த்து அறுபது என்ற எண் மழுங்கியிருந்தது.

"உள்ள ஆடிட்டிருக்கிறவதானேடி டோக்கனைக் கையில வச்சிருப்பா?" என்றாள். "நான் இன்னும் திருப்பிக் குடுக்கல."

பையை மூடினாள். அவள் இறங்க இன்னும் நான்கு நிறுத்தம் இருந்தது. குனிந்து பார்த்தேன். டிராம் ஓடும் சத்தத்துக்கு அவள் காலணி இரண்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.