மேல்பல்லும் கண்ணும்

பேராச்சி தென்காசியில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள். மேல் கடவாய்ப்பல் சொத்தை, பிடுங்கியே தீரணும் என்றுவிட்டார் உள்ளூர் டாக்டர். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று ஊரே சொல்லுகிறது. பல் போனால் கஞ்சி குடிக்கலாம். கண் போனால் ஊசியில் நூல் கோர்ப்பது யார்?

"ஏட்டி, இன்னொரு டாக்டர்ட்ட காட்டிட்டு முடிவு பண்ணுவோம்" என்று புருஷன் குத்தாலிங்கம் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனான். ரயிலில் அவள் ஒரு கண்ணைப் பொத்தி, மறு கண்ணால் பனைகளைப் பார்த்துப் பார்த்துச் சோதித்துக்கொண்டே வந்தாள்.

அந்த டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வாய்க்குள் உற்றுப் பார்த்தார். பிடுங்கத்தான் வேண்டும் என்றார்.

"கண்ணுக்கு ஒண்ணும் ஆயிராதே அய்யா?"

"அதெல்லாம் சும்மா பேச்சும்மா. எனக்கே மேல்பல் ரெண்டு பிடுங்கியாச்சு" என்று சிரித்தவர், கண்ணாடியைத் தேடி மேசையெல்லாம் தடவினார்.

பேராச்சி வாயை இறுக மூடிக்கொண்டாள்.