பன் மாஸ்டர் இளைத்த கதை

அந்தத் தெருவில் யாரிடமாவது போய் "பன் மாஸ்டர் எங்கே?" என்று கேட்டால், பேக்கரிக்கு வழி காட்டுவதற்கு முன்னால் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். ஆளைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு புரியும். உருண்டை முகம், உருண்டைக் கன்னம். மாவு மேசைக்கு முன்னால் வந்து நின்றால் ஆளுக்கு முந்தி வயிறு போய் மேசையைத் தொடும். அந்தப் பெயர் அவர் சுடும் பன்னால் வந்ததா, அவர் உடம்பால் வந்ததா என்று இன்றுவரை யாரும் தீர்மானித்ததில்லை. அவரும் கோபித்துக்கொண்டதில்லை. "ரெண்டுமே மெத்துன்னுதான இருக்கு, அப்புறம் என்ன?" என்பார்.

வேலையில் மனுஷர் படுகில்லாடி. அடுப்பிலிருந்து வந்த ரொட்டியைக் கவிழ்த்து அடியில் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், உள்ளே வெந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். ஒரே ஒரு கெட்ட பழக்கம். க்ரீம் பூசுவதற்கு முன்னால் கேக்கின் ஓரங்களைச் சீவி நேராக்குவார்கள் இல்லையா, அந்தச் சீவல் எல்லாம் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? மாஸ்டரின் வாய்க்குள்தான். காலையிலிருந்து சாயங்காலம்வரை கை ஒரு பக்கம் வேலை செய்யும், வாய் இன்னொரு பக்கம் வேலை செய்யும். "ருசி பார்க்காம எப்படிங்க விக்கிறது?" என்று நியாயம் வேறு பேசுவார். முழு கேக் அளவுக்கு ருசி பார்த்த ஒரே ஆள் உலகத்திலேயே அவராகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட மனுஷரை அதட்டக்கூடியவர் ஒரே ஒருத்தர், அவருடைய அக்கா. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பழகுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி ப்ரேக்கை மிதித்தே காலத்தை ஓட்டியவள். பெரிய பெரிய ஆபீசர்கள்கூட அவள் பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்துப் போவார்கள். வீட்டிலும் அதே குரல்தான். தம்பி மூன்றாவது தட்டுக்குக் கை நீட்டினால், "டேய் குண்டா, ப்ரேக்!" என்பாள். மாஸ்டரின் கை அந்தரத்தில் நின்றுவிடும்.

அந்த அக்காவுக்குத்தான் கல்லீரல் கெட்டுப்போனது. ஒரு சொட்டு மது தொட்டதில்லை, பாவம். உடம்பே தன் ஈரலைப் பகைத்துக்கொள்கிற ஏதோ ஒரு வியாதி என்றார்கள். கண் மஞ்சளானது, கால் வீங்கியது, கார் சாவி ஆணியில் தொங்கியபடியே கிடந்தது. மருந்தால் இனி ஆகாது, வேறு ஈரல் வைத்தால்தான் பிழைப்பாள் என்று டாக்டரம்மா கையை விரித்தபோது, மாஸ்டர் ஒரு நொடி யோசிக்கவில்லை.

"என்னோடத எடுத்துக்குங்க" என்றார்.

"முழுசும் வேணாம், பாதிக்குக் கொஞ்சம் மேல போதும். மிச்சம் இருக்கிறது சில மாசத்துல வளர்ந்துடும்" என்றார் டாக்டரம்மா.

"அதுவா வளருமா? ஈஸ்ட் போட்ட மாவு மாதிரியா?"

"அதே மாதிரின்னு வச்சுக்குங்களேன்."

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. ரத்த வகை பொருந்தியது. அக்கா புருஷனான அத்தானுக்குப் பொருந்தாதது இவருக்குப் பொருந்திவிட்டது என்று பேக்கரி முழுக்கச் சொல்லித் தீர்த்தார். அதன் பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், மாஸ்டரின் வயிற்றைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"உங்க ஈரல்ல கொழுப்பு ஏறிக் கிடக்கு. இதை வெட்டி வச்சா அக்காவுக்கும் ஆகாது, மிச்சத்தை வச்சுக்கிட்டு நீங்களும் தேற மாட்டீங்க. இளைச்சுட்டு வாங்க. இளைச்சா கொழுப்பு கரைஞ்சுடும். ஆனா ரொம்ப நாள் காத்திருக்க நேரமில்லை."

மாஸ்டரின் முகம் தொங்கிப் போயிற்று. அக்காவின் உயிர் போய் இந்த வயிற்றிலா மாட்டிக்கொள்ள வேண்டும்!

ஆனால் ஆள் அசரவில்லை. மறுநாளிலிருந்து கேக் சீவலைக் கையால் தொடவில்லை. அது கூடைகூடையாகக் குவிந்தது. இத்தனை நாள் இது எங்கே போயிற்று என்று முதலாளியே வாயைப் பிளந்தார். பொட்டலம் கட்டி விற்றுப் பார்த்தார், பிள்ளைகள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். மாவு பிசையும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மாஸ்டர் கையாலேயே பிசைந்தார். சாயங்காலமானால் அத்தானோடு ஏரியைச் சுற்றி வேர்க்க விறுவிறுக்க நடந்தார். தெருவே பார்த்து மூக்கில் விரல் வைத்தது.

இங்கேதான் ஒரு கூத்து நடந்தது.

ஈரலையே தூக்கிக் கொடுக்கப் போகிற மனுஷன் தெம்பாக இருக்க வேண்டாமா? இந்தக் கவலை மாஸ்டரின் மனைவிக்கு வந்தது. நடந்து வந்து களைத்துக் கிடக்கிறவருக்குப் பாலில் பேரீச்சம்பழமும் பாதாமும் அரைத்துப் போட்டு ஒரு பெரிய சொம்பு நிறையக் கொடுத்தாள். இதே கவலை மாமியாருக்கும் வந்தது. மகளுக்குத் தெரியாமல் மத்தியானம் எலும்பு சூப் வைத்து, மேலே வெண்ணெய் மிதக்க மிதக்கக் கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். "மாப்பிள்ளை, மூச்சு விடாதீங்க, அவளுக்குத் தெரிஞ்சா கோவிச்சுக்குவா." முதலாளிக்கும் அதே கவலை, மாஸ்டரின் டீயில் மட்டும் பாகாய் இனிக்கும் டின் பாலைத் தாராளமாக ஊற்றச் சொன்னார். அத்தானைக் கேட்கவே வேண்டாம். தன் பெண்டாட்டிக்காக இந்த மனுஷன் இப்படி நடக்கிறானே என்று நெஞ்சு உருகி, நடை முடிந்ததும் ஜூஸ் கடையில் நிறுத்திப் பெரிய கிளாஸாக வாங்கிக் கொடுத்தார்.

மாஸ்டர் எல்லாவற்றையும் குடித்தார். ஏன் குடித்தார் என்றால், அவருடைய கணக்கில் குடிப்பது சாப்பாடே கிடையாது! மெல்லுவதைத்தான் டாக்டரம்மா வேண்டாம் என்றதாக அவர் மனதார நம்பினார். சத்தியமாக நம்பினார், அதுதான் கொடுமை.

இரண்டாவது ஸ்கேன் நாளில் எல்லோரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முதலாளிகூட வந்திருந்தார். டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"குறையவே இல்லை, மாஸ்டர். கொஞ்சம் ஏறித்தான் இருக்கு. என்னை ஏமாத்தறீங்களா?"

"அக்கா மேல சத்தியமா ஒரு கேக் துண்டு தொடலைங்க!" மாஸ்டருக்கு அழுகையே வந்துவிட்டது.

சக்கர நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். குரல் கம்மிப் போயிருந்தாலும் அதட்டல் போகவில்லை. "டேய், என்னதான்டா உள்ள தள்ளின?"

"ஒண்ணுமே இல்லக்கா. ராத்திரி கொஞ்சம் பால், அவ்வளவுதான்."

"என்ன பால்?" என்றார் டாக்டரம்மா.

மனைவி பெருமையாகவே சொன்னாள், பேரீச்சம்பழத்தையும் பாதாமையும் விடாமல். மாமியார், "ஐயோ, நான் வேற சூப்புல வெண்ணெய போட்டேனேடி!" என்று தலையில் கை வைத்தாள். முதலாளி மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தார். "டீயில கொஞ்சம் டின் பாலு... ஒரு அக்கறையிலதான்" என்று இழுத்தார். அத்தான் ஜன்னல் வழியாக எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்து, "நீங்க?" என்றாள். "ஜூஸ்" என்றார் அவர், திரும்பாமலே.

அக்கா ஒவ்வொருவராய்ப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சக்கர நாற்காலி குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "அடப்பாவிங்களா, என்னைக் காப்பாத்தறோம்னு எல்லாரும் சேர்ந்து இவன் ஈரலைக் கொழுக்க வச்சிருக்கீங்களேடா!" டாக்டரம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்த களைப்பிலேயே அக்காவுக்கு மூச்சு வாங்கியது, அதைப் பார்த்ததும் எல்லோர் சிரிப்பும் அடங்கிப் போயிற்று.

"இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு தரேன். அதுலயும் ஆகலைன்னா, இறந்துபோனவங்க யாராவது கொடுத்தாதான் உண்டு. அதுக்குப் பேரு கொடுத்து வச்சிருக்கோம், ஆனா வரிசை நீளம்" என்றார் டாக்டரம்மா.

"ஒருத்தர் சாவுக்காகக் காத்துக்கிட்டு உக்கார எனக்குப் பிடிக்கலை டாக்டர்" என்றாள் அக்கா.

"அவங்க உங்களுக்காகச் சாகலைம்மா. எப்படியும் போற நேரத்துல, மண்ணுக்கும் நெருப்புக்கும் கொடுக்கிறதை மனுஷங்களுக்குக் கொடுத்துட்டுப் போறாங்க. இன்னும் நிறையப் பேர் அப்படிச் சொல்லி வச்சிருந்தா, இந்த வரிசையே இருக்காது."

வீட்டுக்குத் திரும்பும் வழியில், அக்கா போய்விடுவாளோ என்கிற பயம் முதன்முதலாக மாஸ்டருக்கு வந்தது. அதுவரை எல்லாம் ஒரு விளையாட்டு மாதிரிதான் இருந்தது. அம்மா இல்லாத வீட்டில் தலை வாரிவிட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனவள் அவள். அவள் இல்லாமல் எப்படி இருப்பது என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் பாருங்கள், வீடே தலைகீழாக மாறிப்போயிற்று! மனைவி வேகவைத்த காய்கறியும் மீனும் தவிர வேறு எதையும் அடுப்பில் ஏற்றவில்லை. மாமியார் வெண்ணெய் டப்பாவை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். ஜூஸ் கடை வந்தால் அத்தான் மாஸ்டரின் கையைப் பிடித்து எதிர்ச்சாரிக்கு இழுத்துக்கொண்டு போனார். அக்கா படுக்கையிலிருந்தே போன் போட்டு, "இப்ப என்னடா குடிக்கிற?" என்பாள். "தண்ணி." "சத்தியமா?" "வெறும் தண்ணிக்கா!"

முதலாளிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. தன் டின் பால் செய்த பாவத்துக்கு என்ன செய்வது என்று டாக்டரம்மாவிடமே போய்க் கேட்டார். "ஆபரேஷனுக்கு நிறைய ரத்தம் வேணும். கடை ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து கொடுங்க" என்று சொல்லிவிட்டார். ஊசி என்றால் முதலாளிக்கு உயிர் போகும். இருந்தாலும் கடையைப் பூட்டிவிட்டு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "முடிஞ்சுதா? முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "இன்னும் குத்தவே இல்லைங்க" என்றாள் நர்ஸ். குத்தியது தெரியாமலே ரத்தம் கொடுத்து முடித்துவிட்டு, அவர்கள் கொடுத்த பிஸ்கட்டைக் கடித்துப் பார்த்தார். "சேச்சே, நமுத்துப் போயிருக்கு. அடுத்த தடவை நம்ம கடை பிஸ்கட் வரும்" என்றார். அடுத்த தடவை என்று அவரே சொன்னதை எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். ஈரல் கொடுக்கப் போகிறவர் ரத்தம் கொடுக்கக்கூடாது என்பதால் மாஸ்டர் சும்மா கூட வந்திருந்தார். அந்த நமுத்துப்போன பிஸ்கட்டை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்லும் கரையும்.

மூன்றாவது ஸ்கேனுக்குப் போனபோது அவருடைய பேன்ட் நிற்பதே பெல்ட்டின் தயவில்தான். டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். மாஸ்டருக்குப் புரியவில்லை, திருதிருவென்று விழித்தார். "கை குடுங்க மாஸ்டர், போதும், இளைச்சது போதும்" என்றார். மாஸ்டர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

ஆபரேஷன் அன்று காலையில் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"பயமா இருக்காடா?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"எனக்கும்தான். வேணாம்னா இப்பவும் சொல்லிடு, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

"சும்மா இருக்கா. இவ்வளவு இளைச்சதை வேஸ்ட் பண்ணச் சொல்றியா?"

மாஸ்டர் கண் விழித்தபோது வயிற்றில் நீளமாகத் தையல், வாயெல்லாம் வறட்சி. "அக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். நன்றாக இருக்கிறாள், புது ஈரல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று நர்ஸ் சொன்னாள். ஆனால் அடுத்தவர் சொன்னால் மனசு கேட்குமா? நடக்கலாம் என்று அனுமதி கொடுத்த நாளிலேயே, முகமூடியைப் போட்டுக்கொண்டு, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து அக்காவின் அறைக்குப் போய்விட்டார்.

அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் உம்மென்று இருந்தது. மாஸ்டருக்குப் பக்கென்றது.

"என்னக்கா? வலிக்குதா?"

"உன் ஈரலை நீயே எடுத்துட்டுப் போடா."

"ஐயோ, என்ன ஆச்சு?"

"காலையில ரெண்டு துண்டு ரொட்டி, முட்டை எல்லாம் சாப்பிட்டேன். அப்புறம் ஒரு ஆப்பிள். இப்ப மறுபடியும் பசிக்குதுடா. நர்ஸ்கிட்ட எத்தனை தடவைதான் கேக்கிறது, எனக்கே வெக்கமா இருக்கு. உன்னோடது இல்லையா, அது எப்படிச் சும்மா இருக்கும்?"

மாஸ்டர் சிரிக்கப் பார்த்தார், தையல் சுரீரென்றது. சிரிப்பு பாதியிலேயே நின்றது. ஒரு வருஷத்துக்கு மேலாக அக்காவின் வாயிலிருந்து பசி என்கிற வார்த்தையே வந்ததில்லை. அத்தான் ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்று கெஞ்சிக் கெஞ்சித் தோற்றுப்போன நாட்கள் எத்தனையோ. தெரு முழுக்கச் சாப்பிட வைத்த மனுஷர், தன் அக்காவை மட்டும் சாப்பிட வைக்க முடியாமல் தவித்த நாட்கள் அவை. அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வழிந்து முகமூடி நனைந்தது.

"இன்னொரு தடவை சொல்லுக்கா."

"என்னத்தடா?"

"இப்பச் சொன்னியே, அதை."

அக்கா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

"பசிக்குதுடா" என்றாள்.