காமாக்ஷி தேர்ந்தெடுத்த கார்டு

ராயப்பேட்டையில் ஒரு தனியார் ரத்த வங்கி. அங்கே கம்ப்யூட்டர் பொறுப்பெல்லாம் காமாக்ஷிக்கு. ரத்தம் கொடுப்பவர்களின் பெயரும் போன் நம்பரும் ஒரே சர்வரில்தான் இருந்தன. 1996-இல் அதை மற்ற கம்ப்யூட்டர்களோடு இணைக்கும் நெட்வொர்க் கார்டு வாங்க வேண்டிவந்தபோது, மாப்பிள்ளை பார்ப்பதுபோலத் துருவித் துருவிப் பார்த்தாள். மூன்று கம்பெனிக் கார்டுகளைக் கடையிலிருந்து இரவலாக வரவழைத்து, ஒவ்வொன்றையும் மாட்டி நாள் முழுக்க ஓட்டினாள். இரண்டு திணறின. ஒன்று சளைக்கவே இல்லை.

"இதையே வாங்கிடலாம் சார்" என்றாள் மேலாளர் கல்யாணராமனிடம்.

வந்த பெட்டியில் அதே பெயர், அதே எண். ஆனால் கார்டில் இருந்த சிப் வேறு. கடைக்குப் போன் செய்தாள்.

"கம்பெனிக்காரனே மாத்திட்டாம்மா. இனிமே இதான் வரும்."

"நான் சோதிச்சுப் பார்த்த கார்டு?"

"அத்த அப்பவே வித்தாச்சே."

புதியதையும் ஓட்டிப் பார்த்தாள். குறை தெரியவில்லை. அரைமனதோடு சர்வரில் மாட்டினாள்.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் எல்லாத் திரைகளும் அப்படியே நின்றுவிட்டன. அந்நேரம் பார்த்துத் தையல்காரர் பீர் முஹம்மது ஓடிவந்தார். பிரசவித்த மனைவிக்கு ரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும். கையிருப்பில் ஒரு பாட்டில்கூட இல்லை.

"இன்னாம்மா, யாராச்சும் கெடச்சாங்களா?"

"சர்வர் எழுந்துக்கணும் பாய். செத்த இருங்கோ."

அணைத்துப் போட்டாள். எழுந்தது, மறுபடி நின்றது. பீர் முஹம்மது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரையைப் பார்த்தாள். வேறென்ன செய்வது?

"வேற எடத்துல பாத்துக்கறேம்மா" என்று கடைசியில் அவர் ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் சர்வர் எழுந்தது. மேற்கு மாம்பலத்துக்காரர் ஒருவர் கிடைத்தார்; ஆட்டோவில் வந்து ரத்தமும் கொடுத்தார். அது போய்ச் சேர்வதற்குள் வேறிடத்தில் வாங்கி ஏற்றிவிட்டார்கள். பெண் பிழைத்தாள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

"முன்னாடியே ரத்தம் வந்திருந்தா?" என்று ஆஸ்பத்திரி நர்ஸிடம் போனில் கேட்டாள் காமாக்ஷி.

"அத யாரும்மா சொல்ல முடியும்?"

மறுநாள் கார்டைக் கழற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிச் சாயங்காலம்வரை ஓட்டினாள். ஒருதரம்கூட நிற்கவில்லை. எதைக் குற்றம் சொல்வது என்றே புரியவில்லை.

கல்யாணராமன் வந்து எட்டிப்பார்த்தார். "வேற எந்தக் கார்டுன்னு சொல்லுங்கோ, வாங்கிடுவோம்."

காமாக்ஷி கையிலிருந்த ஸ்க்ரூட்ரைவரை மேஜையில் வைத்தாள்.

"தெரியலை சார்" என்றாள்.