நாற்பத்து மூன்று சாமானும் ஒரு மேசையும்

கிடங்கில் அவளை எல்லோரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிக் கிண்ணங்களையும் தட்டுகளையும் அட்டைப் பெட்டியில் அடுக்கிக் கப்பலுக்கு அனுப்புகிற பகுதியில் பத்தொன்பது வருஷமாக வேலை. இப்போது மேற்பார்வை. அங்கே ஒரு விதி உண்டு. யாரும் எழுதி மாட்டியதில்லை, அவள் வாயால் போட்டது. அடுக்குகிறவள் எண்ணக் கூடாது, எண்ணுகிறவள் மூடக் கூடாது. மூன்று பேர் கை பட்ட பிறகுதான் பெட்டிக்கு டேப். கடைசியில் உள்ளே இருப்பதன் பட்டியலைப் பெட்டியின் தலையில் வைத்து, அதன் மேலும் டேப்.

"பிரிக்காமலே உள்ள என்ன இருக்குன்னு தெரியணும்டி. தெரியலைன்னா அது பெட்டி இல்ல, மூட்டை" என்பாள், புதிதாகச் சேரும் பெண்களிடம்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் முகாமிலிருந்து பட்டியல் வந்தது. பத்து வயது மகளுக்குக் கோடை விடுமுறையில் பத்து நாள் முகாம். கொண்டு வர வேண்டியவை நாற்பத்து மூன்று. அடுப்படியில் நின்றபடியே சத்தமாகப் படித்தாள். கணவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். எதற்கும் பதறாத மனிதன்.

"காலுறை பதினாலு ஜோடி. பத்து நாளைக்குப் பதினாலு ஜோடி! அங்க போனதும் பிள்ளைக்குப் புதுசா ரெண்டு கால் முளைக்குமாங்க?"

"மழை பெஞ்சு நனைஞ்சா மாத்திக்கட்டும்னு போட்டிருப்பாங்க."

"அதுக்குத்தான் ரப்பர் பூட்ஸ் தனியா கேட்டிருக்கானே, பதினேழாவது நம்பர். இதக் கேளுங்க. எல்லாத்துலயும் பேர் தைக்கணுமாம். ஜோடிக்கு ஒண்ணு இல்ல, ஒவ்வொரு காலுறையிலயும். இருபத்தெட்டு தடவை! எழுதினவனுக்கு ஊசின்னா என்னன்னு தெரியுமா?"

"நான் பாதி தைக்கிறேன், விடு."

"பையைப் பிள்ளையே தூக்கணுமாம். இத்தனையும் போட்டா பதினாலு கிலோ வரும். இவ நிக்கிறதே இருபத்தேழு கிலோ." அடுத்த வரியைப் படித்தாள். "படுக்கை விரிப்பு, வெள்ளை நிறம் மட்டும்."

விரல் அந்த வரியிலேயே நின்றது. கணவன் கையும் தட்டில் நின்றது. இருவரும் உள்ளறைக் கதவைப் பார்த்தார்கள்.

மகளுக்கு இன்னும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் படுக்கை நனைந்துவிடும். வளர வளரச் சரியாகிவிடும், திட்டாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர்கள் திட்டியதே இல்லை. அந்த வீட்டில் அது துணி துவைக்கிற சமாசாரம், அவ்வளவுதான். ஆனால் வாசலுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. பள்ளியில் பக்கத்தில் உட்காரும் சிநேகிதிக்குக்கூடத் தெரியாது. அவள் எத்தனை தடவை தன் வீட்டில் வந்து தங்கச் சொல்லிக் கெஞ்சியும், தலைவலி, வயிற்றுவலி என்று மகள் இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டாள். இந்த வருஷம் சிநேகிதி முகாமுக்குப் போகிறாள் என்றதும், நானும் போகிறேன் என்றாள்.

"ராத்திரிக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"நான் பாத்துக்கிறேன். சீக்கிரமே எந்திரிச்சு மாத்திக்கிறேன். நீ ரப்பர் ஷீட்டு மட்டும் சரக்கு சரக்குன்னு சத்தம் வராததா வாங்கிக் குடும்மா."

முகாமின் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி: இரவில் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா? அடியில் சின்ன எழுத்தில், தகவல் ரகசியமாக வைக்கப்படும். டேப் அக்கா உள்ளதை எழுதினாள். முகாம் நர்ஸ் ஃபோனில் கூப்பிட்டுத் தன்மையாகவே பேசினாள். ஈரத் துணிக்கு ஒரு தனிப் பை, காலையில் என்னிடம் கொடுத்தால் போதும், யாருக்கும் தெரியாது என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

பை கட்டியதும் கிடங்கு விதிப்படிதான். அம்மா அடுக்கினாள், மகள் எண்ணினாள், அப்பா ஜிப்பை இழுத்து மூடினார். வெள்ளை விரிப்புக்கு அடியில், மழைக்கோட்டுக்கும் துண்டுக்கும் நடுவில், கையை விட்டுத் துழாவினாலும் தட்டுப்படாத இடத்தில் ரப்பர் ஷீட்டும் ஈரத் துணிப் பையும் போயின. நாற்பத்து மூன்று நாற்பத்தைந்து ஆனது.

முகாம் வாசலில் ஒன்றரை மணி நேர வரிசை. முற்றத்தின் நடுவில் ஒரு நீள மேசை. கழுத்தில் விசிலும் கையில் அட்டையுமாக ஒரு பெண். அவள் பெயரைக் கூப்பிட, பக்கத்தில் நின்ற இருவர் பையை வாங்கித் திறந்து, உள்ளே இருப்பதை எல்லாம் மேசை மேல் கொட்டினார்கள். முன்னால் நின்ற உயரமான பெண்ணின் பையிலிருந்து ஒற்றைக் காதோடு ஒரு துணி முயல் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் சிவந்துபோனது. அவளுடைய அப்பா தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்னும் மூன்று பேர்தான். பின்னால் சிநேகிதி, மகளுடைய பையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். பையின் பிடியை இறுக்கியதில் மகளின் விரல்கள் வெளுத்திருந்தன.

டேப் அக்கா வரிசையை விட்டு விறுவிறுவென்று முன்னால் போனாள்.

"இங்க வெச்சு எதுக்குப் பிரிக்கிறீங்க?"

"பாதுகாப்புச் சோதனை மேடம். ஃபோன், தின்பண்டம் எதுவும் உள்ள போகக் கூடாது."

"சோதிங்க, யாரு வேண்டாம்னா? நடு முற்றத்துல எதுக்குக் கொட்டுறீங்கன்னு கேக்கிறேன்."

"எல்லாருக்கும் ஒரே விதிதான் மேடம்."

"நான் கண்ணாடிச் சாமான் பேக் பண்றவ. எங்க பெட்டியச் சோதனை பண்ணணும்னா, தனி ரூம்ல, ரெண்டு பேர் முன்னால பிரிச்சு, பழையபடி அடுக்கிக் குடுப்பாங்க. கிண்ணத்துக்குக் கிடைக்கிற மரியாதை பிள்ளைக்குக் கிடையாதா?"

"அம்மா, சீக்கிரம் ஆகட்டும், வெயில் கொளுத்துது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"எனக்கு மட்டும் நிழலா அடிக்குது? பொறுங்கண்ணே."

விசில்காரப் பெண் பிள்ளையின் பெயரைக் கேட்டு, அட்டையில் விரலை ஓட்டினாள். ஒரு வரியில் நின்றாள். குரலைத் தாழ்த்தினாள், ஆனால் போதுமான அளவுக்கு இல்லை. "ஓ, நீங்களா. ஒம்பதாவது கேள்வி... சரி மேடம், உங்க பொண்ணு பையை மட்டும் உள்ள எடுத்துட்டுப் போய்ப் பாத்துக்கிறோம்."

பையின் மேல் உட்கார்ந்திருந்த சிநேகிதி நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த 'மட்டும்'தான் டேப் அக்காவை உச்சியில் அடித்தது. இதற்குத் தலையை ஆட்டினால், ஏன் இவள் பை மட்டும் உள்ளே போகிறது என்று இந்த முற்றம் முழுக்கக் கேட்கும். சாயங்காலத்துக்குள் பதிலையும் கண்டுபிடித்துவிடும். மேசையில் கொட்டியிருந்தாலே தேவலை. ரகசியம் என்று அச்சடித்துக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதை இப்படி வெயிலில் காயப்போடுகிறார்களே!

"மட்டும் எதுக்கு? எங்க பையில என்ன தங்கமா இருக்கு? எல்லாப் பையும் உள்ள போகட்டும். இல்லைன்னா எங்க பையைத் தொடாதீங்க."

"அது முடியாது மேடம். மேசை இங்க போட்டாச்சு."

"மேசைதானே?" அவள் திரும்பினாள். "ஏங்க, வந்து அந்தப் பக்கம் பிடிங்க."

இந்தக் குரல் கணவனுக்குத் தெரியும். வந்தான். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தான். "மடக்குற காலு. கொக்கியப் போடாம தூக்கினா காலை நசுக்கிடும்" என்று சொல்லி நிதானமாகக் கொக்கியைப் பூட்டினான்.

"மேடம், நீங்க பாட்டுக்கு..." என்று விசில்காரப் பெண் ஆரம்பிப்பதற்குள், துணி முயல் பெண்ணின் அப்பா வந்து மூன்றாவது மூலையைப் பிடித்தார். நாலாவது மூலைக்கு, வெயில் கொளுத்துகிறது என்று கத்தியவரே வந்தார். பத்தடி தள்ளி, பாய்கள் அடுக்கிய அறை ஒன்று சும்மாதான் கிடந்தது. நிழலாகவும் இருந்தது. மேசை உள்ளே போனது. அதற்குப் பிறகு ஒரு பிள்ளை, அதைப் பெற்றவர், ஒரு விசில்காரப் பெண், சாத்திய கதவு.

அவர்கள் முறை வந்தது. விசில்காரப் பெண் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஜிப்பைத் திறந்தாள். இந்த முறை கொட்டவில்லை. அடுக்கடுக்காகத் தூக்கிப் பார்த்தாள். விரிப்புக்கு அடியில் அவள் கை ஒரு நொடி நின்று, அப்படியே வெளியே வந்தது. கணக்கில் வராத ஒரு டேப் சுருளை மட்டும் எடுத்தாள்.

"இது எதுக்கு?"

"திரும்பி வரும்போது மூட."

"லிஸ்ட்ல இல்ல மேடம். அனுமதி கிடையாது." ஜிப்பை மூடியவள் பையின் தலையைத் தட்டினாள். "எல்லாம் எழுதி மேலயே ஒட்டியிருக்கீங்களே. இதையாவது எல்லாரும் செஞ்சா எங்களுக்கு வேலை குறையும்."

டேப் அக்கா பார்த்தாள். அவளுடைய கையெழுத்து, நாலடி தள்ளி நின்றாலும் படிக்க முடிகிற கொட்டை எழுத்து, மேலே பளபளவென்று டேப். கணவன் ஜிப்பை மூடியதும், பத்தொன்பது வருஷப் பழக்கம், எண்ணுவதற்காக எழுதிய தாளைக் கை தானாகப் போய் ஒட்டியிருக்கிறது. ஒன்றரை மணி நேரமாக அது வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. சிநேகிதி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஊரை எல்லாம் கேள்வி கேட்டுக் கிழித்துவிட்டு, கடைசியில் தானே தண்டோரா போட்டிருக்கிறோம்!

நாற்பத்து நாலாவது வரியைத் தேடினாள். நாற்பத்து மூன்றுக்குக் கீழே, கடைசி இரண்டு வரியையும் மூடிக்கொண்டு ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஸ்டிக்கர். அவள் கிடங்கிலிருந்து கொண்டுவந்து வீட்டில் போட்டிருந்தது. 'இந்தப் பக்கம் மேலே.' அம்புக்குறி கீழே பார்த்தது.

மகள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப ஒட்டுன?"

"நீ குளிக்கப் போனப்ப."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேற லிஸ்ட் எழுதி ஒட்டுவே."

விசில்காரப் பெண் இருமினாள். அது சிரிப்பாகவும் இருக்கலாம்.

வெளியே வந்ததும் டேப் அக்கா ஆலோசனைப் படிவம் ஒன்று கேட்டு வாங்கினாள். தன் தப்பு தன்னோடு, அவர்கள் தப்பு அவர்களோடு. வாசல் சுவரில் தாளை வைத்து எழுதத் தொடங்கினாள். 'ஒன்று: மேசை எப்போதும் அறைக்குள் இருக்க வேண்டும். இரண்டு: ரகசியம் என்றால் ரகசியம்.'

"இன்னும் எவ்வளவு இருக்கு?" என்றான் கணவன்.

"பின்பக்கமும் எழுதலாம்னு போட்டிருக்கு."

முற்றத்தின் அந்தக் கோடியில் மகள் பையை இரண்டு கையாலும் இழுத்தாள். அது நகரவில்லை. சிநேகிதி ஓடி வந்து இன்னொரு பிடியைப் பிடித்தாள். இருவருமாகத் தூக்கினார்கள்.

"என்னடி இது, இவ்வளவு கனம்? உள்ள என்னடி இருக்கு?"

"காலுறை" என்றாள் மகள். இருவரும் சிரித்துக்கொண்டே படியேறினார்கள்.

டேப் அக்கா அவர்கள் உள்ளே மறையும் வரை பார்த்தாள். பிறகு தாளைத் திருப்பி, 'மூன்று: காலுறை' என்று எழுதி அடியில் கோடு போட்டாள்.