கோட்டைக் கண்டு ஓடிய வண்டி

பொறியியல் இரண்டாம் ஆண்டில், பட்டறை வகுப்புக்காக ஒரு சின்ன வண்டி செய்யச் சொன்னார்கள். தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு அது தானாக ஓட வேண்டும். என் குழுவில் என்னோடு சேர்ந்தவன் விவேக் நகர் என்ற பேட்டையைச் சேர்ந்த பையன். லேப்டாப்பில் புரோகிராம் எழுதுவது அவன் பாடு. போர்டில் ஒயர்களை வைத்து, ஈயத்தை உருக்கி ஒட்டிச் சால்டரிங் செய்வது என் பாடு.

வண்டியின் அடியில் இடமும் வலமுமாக இரண்டு சென்சார்கள். கோடு எந்தப் பக்கம் தட்டுப்படுகிறதோ, வண்டி அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். எங்கள் வண்டியோ கோட்டைக் கண்டதும் எதிர்ப்பக்கம் திரும்பி, விழுந்தடித்து ஓடி மேசைக்காலில் முட்டியது.

“ஒயர மாத்தி வெச்சிட்ட பா. உன் சால்டரிங்தான்,” என்றான்.

அவன் சொன்ன உறுதியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் பிரித்து, வரைபடத்தைப் பார்த்து மறுபடி வைத்தேன். வண்டி மறுபடியும் ஓடிப்போனது. மறுபடி பிரித்தேன். திரும்பத் திரும்பச் சூடு பட்டதில் போர்டின் செம்புப் பூச்சு உரிந்து வந்தது. விரல் நுனியில் கொப்புளம். மற்ற குழுக்களின் வண்டிகள் எங்களைச் சுற்றி வட்டமடித்துக் கொண்டிருந்தன. அவன் காலாட்டிக்கொண்டு போன் பார்த்தபடி, “இன்னும் ஆகலியா?” என்று மட்டும் கேட்பான்.

ஒருநாள் எரிச்சல் தாங்காமல் மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்தேன். எல்லாம் வரைபடத்தில் உள்ளபடியே இருந்தன. அவன் லேப்டாப்பை என் பக்கம் இழுத்துப் புரோகிராமைப் படித்தேன். இடது சென்சாரின் ஒயர் போர்டில் சேரும் எண்ணுக்குப் பதில் வலதின் எண்ணை எழுதியிருந்தான்; வலதுக்கு இடதின் எண்.

“இதப் பாரு,” என்றேன்.

“அட, ரெண்டு நம்பர்தானே? மாத்துனா முடிஞ்சுது.”

மாற்றினான். வண்டி சாதுவாகக் கோட்டின் மேல் போனது. அவன் கை தட்டினான். எனக்கு அந்த லேப்டாப்பைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிய வேண்டும் போலிருந்தது.

தேர்வு நாளில் வண்டி இரண்டு வளைவுகளை ஒழுங்காகக் கடந்தது. மூன்றாவதில், அத்தனை முறை பிரித்து ஒட்டிய மோட்டார் ஒயர் பிய்ந்துகொண்டது. ஒரு சக்கரம் மட்டும் சுழல, வண்டி நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றியது.

“என்னம்மா இது? சால்டரிங் ரொம்ப வீக்கா இருக்கே,” என்றார் ஆசிரியர்.

“சார், தப்பு புரோகிராம்ல இருந்துது. அது தெரியாம இத நெறைய தடவ பிரிச்சு...”

“காரணமெல்லாம் பேடா. ஓடணும், அஷ்டே.” காரணம் வேண்டாம், ஓடினால் போதும் என்று கன்னடம் கலந்து முடித்துவிட்டார்.

நான் பக்கத்தில் பார்த்தேன். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கொப்புளத்தில் மறுபடி சூடு பட, அங்கேயே ஒயரை ஒட்டினேன். இரண்டாம் முறை முழுச் சுற்றும் ஓடியது. ஆனால் அவன் புரோகிராமுக்கு முழு மதிப்பெண், என் சால்டரிங்குக்குப் பாதி. வெளியே வந்ததும் அவன், “பாஸ்தானே, விடு பா,” என்றான். நான் பஸ் ஏறினேன்.

ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்ததுமே அம்மா கேட்டாள்.

“வண்டி ஓடிச்சா?”

“ஓடிச்சு.”

“அப்றம் ஏன் மூஞ்சிய இப்டி வெச்சிருக்க?”

பையை ஒரு மூலையில் வீசிவிட்டு, கொப்புளத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றேன்.