மேட்ரன் வேடம் போட்ட அப்பா

போன சனிக்கிழமை கிள்ளானில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் வேலை வாய்ப்புக் கண்காட்சி. எங்கள் மருத்துவமனைக்கும் ஒரு மேசை கிடைத்திருந்தது. "நீங்கதான் நல்லா பேசுவீங்க" என்று சொல்லி என்னை அங்கே உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு நிறுத்தத் தெரியாது என்பதைத்தான் அப்படி நாகரிகமாகச் சொல்கிறார்கள் என்று எனக்கும் தெரியும்.

எஸ்பிஎம் என்னும் பள்ளி இறுதித் தேர்வை முடித்த ஒரு பெண் அம்மாவோடு வந்து நின்றாள். "அங்கிள், நர்சிங் படிச்சா நர்ஸ் மட்டும்தான் ஆவ முடியுமா?"

போதாதா எனக்கு? தீவிர சிகிச்சைப் பிரிவு, அறுவை அறை, டயாலிசிஸ், பச்சைக் குழந்தைகள் வார்டு, பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலை, வெளிநாடு என்று மூச்சு விடாமல் அடுக்கினேன். "அது ஒரு கதவுன்னு நெனைக்காதம்மா. காரிடோர் லா. போவப் போவ ரெண்டு பக்கமும் கதவு" என்றேன். பேச்சு வேகத்தில் மேசையிலிருந்த கையுறைப் பெட்டியைக் கிழித்துத் திறந்துவிட்டேன். குப்பென்று ரப்பர் வாசனை அடித்தது. அந்தப் பெண் ஏதோ கேட்டாள். நான் அதற்குள் தெலுக் பங்லிமா காராங்குக்குப் போய்விட்டிருந்தேன்.

பள்ளி முடித்த கையோடு நான் வேலைக்குப் போன கையுறைத் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. பீங்கான் கைகள் வரிசையாகச் சங்கிலியில் தொங்கிக்கொண்டு வரும். ரப்பர் பாலில் முங்கி, சூட்டில் காய்ந்து எங்கள் முன்னால் வரும்போது உறையை உருவி எடுக்க வேண்டும். அந்தக் காலத்துக் கையுறையில் மாவு இருக்கும். வேலை முடிந்து வரும்போது தலை, புருவம், மூக்குத் துவாரம் எல்லாம் வெள்ளை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார யாரும் வரமாட்டார்கள் என்பதால் எனக்கு எப்போதும் இரண்டு இருக்கை.

அப்போது என் அக்கா தாதிப் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தாள். தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸில் நேர்முகத் தேர்வு. "பொம்பளப் புள்ள, தனியா போவ வேணாம்" என்று அம்மா என்னைத் துணைக்கு அனுப்பினார். போர்ட் கிள்ளானில் கோமுட்டர் ரயிலேறி, தூங்கி வழிந்து இறங்கி, பூக்கடை வாசனையில் விழித்துக்கொண்டு நடந்தோம். ஒரு கடை வரிசையின் மாடியில் அலுவலகம். அக்கா உள்ளே போனாள். நான் வெளியே வடை தின்றுகொண்டிருந்தேன்.

கதவைத் திறந்துகொண்டு ஓர் அம்மையார் எட்டிப் பார்த்தார். அவர்தான் மேட்ரன், தாதியருக்கெல்லாம் தலைவி.

"நீ எதுக்கு வெளிய ஒக்காந்துருக்க?"

"அக்காவுக்குத் துணைக்கு வந்தேன் மேடம்."

"எஸ்பிஎம் பாஸா?"

"பாஸ்தான். ஆனா இது பொம்பளைங்க வேலை இல்லையா மேடம்?"

"ஏன், ஆம்பளைங்களுக்கு நோய் வராதா?"

நான் கையிலிருந்த வடையை வாயில் திணித்துக்கொண்டேன். அவர் என் கையைப் பார்த்தார். நகக்கண் எல்லாம் வெள்ளை மாவு. எங்கே வேலை என்று கேட்டார், சொன்னேன்.

"கையுறை செஞ்சது போதும். போட்டுப் பாரு. உள்ள வா."

இப்படித்தான் ஐயா என் தொழில் முடிவானது. இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது என்று வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மாவுக்கு இரட்டைச் சந்தோஷம். அப்பாவுக்குப் பாதிதான்.

அப்பா துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுநர். அவர் சாதாரணமாகப் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும். எங்கள் பக்கத்தில் தாதியரை யாரும் தாதி என்று கூப்பிடுவதில்லை, மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். "மவ மிஸ்ஸி ஆவட்டும், சரி. இவனுமா?" என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். தெருவோர ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்கப் போனால் கூட்டாளிகள் விடுவதில்லை. "என்ன தலைவரே, ஒங்க பையனுக்குத் தொப்பி, கவுன்லாம் தச்சாச்சா?" அதற்குப் பயந்து, மகன் மருத்துவமனையில் சூப்பர்வைசர் என்று சொல்லி வைத்திருந்தார்.

சூப்பர்வைசரின் லட்சணத்தைக் கேளுங்கள். முதல் முதலாக ஒரு காயத்துக்குக் கட்டு மாற்றுவதைப் பார்த்த அன்று நான் வேரறுந்த வாழையாகச் சாய்ந்தேன். என்னைத் தாங்கிப் பிடித்தது அக்காதான். ஆனால் ஸ்டெதஸ்கோப்பில் முதல் முறை ஒரு மனிதரின் இதயம் துடிப்பதைக் கேட்டேன் பாருங்கள், அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க ஆளில்லை. அம்மா, பக்கத்து வீட்டு ஆன்டி, ஆன்டி வளர்த்த பூனை என்று அகப்பட்ட நெஞ்சில் எல்லாம் வைத்துக் கேட்டேன். பூனையின் துடிப்பை எண்ண முடியவில்லை, அவ்வளவு வேகம். அப்பா மட்டும் கிட்டே விடவில்லை.

அவர் நெஞ்சையும் கேட்க வேண்டி வந்தது. ஒரு நாள் காலையில் துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும்போது அப்பாவுக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. கூட இருந்தவன் குணா, அவருடைய கெலிண்டான், அதாவது லோரி உதவியாள். ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு, லோரியின் தலையை மட்டும் ஓட்டிக்கொண்டு நேராக நான் பயிற்சியில் இருந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். அவனுக்கு லைசென்ஸ் இருந்ததா என்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

அப்பா பிழைத்துக்கொண்டார். ஆண்கள் வார்டுக்கு மாற்றினார்கள். குளிப்பாட்ட வந்த தாதியரை எல்லாம் விரட்டி அடித்தார். கடைசியில் என்னை அனுப்பினார்கள். திரையை இழுத்துவிட்டு, வெந்நீரும் துண்டுமாக நின்றேன். நான் பிறந்தது முதல் அவர் முதுகை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. வெயிலில் வெந்த கழுத்து. அதற்குக் கீழே குழந்தை முதுகு போல வெளுப்பு. துண்டை நனைத்து நனைத்துத் துடைத்தேன். அவர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். 

"ஒனக்கு இதெல்லாம் சிரமமா இல்லையாடா?" என்றார் கடைசியில்.

"பெக்டரியில பீங்கான் கைப்பா. அது பேசாது. இங்க எல்லாரும் பேசுறாங்க, எனக்கு அதுதான் புடிச்சிருக்கு."

அந்த நேரம் பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனத் தாத்தா, "மிஸ்ஸி! மிஸ்ஸி!" என்று என்னைக் கூப்பிட்டார். நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். அப்பா திரையை விலக்கினார். வார்டு முழுக்கக் கேட்கும் பழைய குரலில் மலாயில் சொன்னார்: "அங்கிள், இத்து மிஸ்ஸி அனாக் சாயா லா!" அந்த மிஸ்ஸி என் பிள்ளை. தாத்தா கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

வீடு திரும்பிய அப்பாவை அடக்க முடியவில்லை. ஒட்டுக்கடையில் உட்கார்ந்து ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் தொழில் சொல்ல ஆரம்பித்தார். "லோரி இன்னைக்கு ஓடும், நாளைக்கு நிக்கும். ஆஸ்பத்திரி என்னைக்குடா மூடுனாங்க?" முதலில் சிக்கியவன் குணா. கையில் பச்சை குத்திய தேள், காதில் கடுக்கன்.

"அண்ணே, கெலிண்டானையெல்லாம் எடுப்பாங்களா?"

"எடுப்பாங்கடா. எஸ்பிஎம்ல கணக்குப் பேப்பர் மட்டும் மறுபடி எழுதணும்" என்றேன். எழுதினான்.

அவனைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறி முடித்ததும் எங்கள் வீட்டு முன்பக்கம் மோட்டார் சைக்கிள்களாக நிற்கும். நேர்முகத் தேர்வுக்குப் பழக்குவது என் வேலை. மேட்ரனாக நடிப்பது அப்பாவின் வேலை. தலையில் துண்டை மடித்துத் தொப்பியாக வைத்துக்கொண்டு, காலுக்கு மேல் கால் போட்டு உட்காருவார்.

"ரத்தத்தப் பாத்தா மயக்கம் வருமா?"

"வராது அங்கிள்."

"அங்கிள் இல்லடா, மேட்ரன்!"

"வராது மேட்ரன்!"

"என் மவனுக்கு வந்துச்சு. அதனால வந்தாலும் பரவால்ல, எந்திரிச்சுரு."

அம்மா அடுப்படியிலிருந்து சிரிக்கும் சத்தம் கேட்கும். குணாவிடம், "நோயாளி ஒன்ன ஏசுனா என்ன செய்வ?" என்று கேட்டார். குணா கொஞ்சம் யோசித்து, "ஒங்ககிட்ட நாலு வருசம் ஏச்சு வாங்கிருக்கேன் மேட்ரன். பழகிருச்சு" என்றான். அதே பதிலை நிஜத் தேர்விலும் சொல்லியிருக்கிறான். லோரி முதலாளி என்று மட்டும் மாற்றிக்கொண்டானாம். இடம் கிடைத்த அன்று பஸ் நிறுத்தத்திலிருந்து காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். அப்பா அவனைத் தூக்க முயன்றார். "நெஞ்சு, நெஞ்சு!" என்று நானும் அக்காவும் கத்தினோம்.

குணா டயாலிசிஸ் பக்கம் போய், இப்போது ரியாத்தில் ஒரு பிரிவுக்கே பொறுப்பாளன். இன்னொருவன் அயர்லாந்தில் இருக்கிறான். அக்கா கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அப்பா போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. போன வாரம் குணா பேசினான்.

"அண்ணே, இப்பவும் பசங்க ஞாயித்துக்கெழம வர்றாங்களா?"

"எங்கடா வர? மனுவெல்லாம் கைப்பேசியில. இன்டர்வியூவும் அதுலயே முடிஞ்சிருது."

"வீடு?"

"நம்ம வீட்டு வரிசையையே இடிச்சுட்டாங்க. லோரி நிறுத்துற எடமா ஆயிருச்சு."

 "அங்க நிக்கிற ஒரு லோரியிலயாச்சும் நம்ம பய ஒருத்தன் இருப்பாண்ணே, என்ன?" என்றான்.

இருப்பான். அவனை அதட்டி இறக்கி, தலையில் துண்டை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கத்தான் ஆளில்லை.